மாநிலத்துக்குச் சுயாட்சி, ஊராட்சிக்குத் தனி அலுவலர்

2025 ஆகஸ்ட் 15 அன்று ஊரில் இருந்தேன். நாமக்கல் மாவட்டம், திருச்செங்கோட்டுப் பக்கம். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கிராம சபை. ஷாமியானா, நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜைமேல் வருகைப் பதிவேடு. எங்கள் அத்தை ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவர். அவர் முன்வரிசைக்குப் போகாமல் கடைசியில் நின்றுகொண்டிருந்தார்.

"முன்னாடி போயி உக்காருங்க அத்தை."

"நானென்ன மெம்பரா கண்ணு இப்ப? அது ஜனவரியோட முடிஞ்சு போச்சு. வந்த சனத்துல நானும் ஒருத்தி."

மேஜைக்குப் பின்னால் ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஓர் அலுவலர் தீர்மானங்களை வாசித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அன்று அவர் இன்னொரு ஊருக்கும் போக வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெரியவர் எழுந்தார். "போர் மோட்டார் போயி ரெண்டு மாசமாச்சுங்க. பிரசிடென்ட் இருந்தா ராத்திரி பத்து மணிக்குக்கூடக் கதவத் தட்டுவோம். உங்க கதவு எங்கைங்க இருக்குது?" கூட்டம் சிரித்தது. அலுவலரும் சிரித்தார். மோட்டார் விஷயம் பதிவேட்டில் ஏறியது.

அந்தக் கேள்விக்கு அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலை மதிக்காமல் ஒரு மாநிலத்தையே நடத்த முடியும் என்று தமிழ்நாடு திரும்பத் திரும்ப நிரூபித்துவருகிறது. என் கோபம் அதன்மேல்தான்.

73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 243 இ பிரிவு சொல்வது இரண்டு விஷயம். ஊராட்சியின் ஆயுள் ஐந்து வருஷம், அதற்குமேல் ஒருநாளும் கிடையாது. அந்த ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். ஆங்கில மூலத்தில் இரண்டு இடத்திலும் 'ஷல்'. ஆனால் ஊராட்சிக்கு என்னென்ன அதிகாரம் கொடுப்பது என்று சொல்லும் 243 ஜி பிரிவில் மட்டும் 'மே'. மாநிலச் சட்டமன்றம் கொடுக்கலாம். பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் வரிசையாக இருக்கின்றன: விவசாயம், சிறு நீர்ப்பாசனம், குடிநீர், ஆரம்பக் கல்வி, நூலகம் என்று. கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே உறைக்கும். இணைய நெறிமுறைகளை எழுதுகிறவர்களுக்கு ஆர்.எஃப்.சி. 2119 என்று ஓர் ஆவணம் உண்டு. 'மஸ்ட்' என்றால் என்ன, 'ஷுட்' என்றால் என்ன, 'மே' என்றால் என்ன என்று வரையறுப்பதுதான் அதன் ஒரே வேலை. 'மே' என்று எழுதிய அம்சத்தை யாரும் செய்துதர மாட்டார்கள் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் 'மஸ்ட்' என்று எழுதியதைச் செய்யாவிட்டால் மென்பொருள் உடையும், வாடிக்கையாளர் கத்துவார், யாராவது நள்ளிரவில் எழுந்து சரிசெய்வார்கள். இங்கே 'ஷல்' உடைந்து கிடக்கிறது, எதுவும் நிற்கவில்லை. காரணம், உடைந்த இடத்தில் பொருத்த மாநில அரசிடம் ஓர் உதிரிபாகம் தயாராக இருக்கிறது. அதன் பெயர் தனி அலுவலர்.

கணக்கைப் பாருங்கள். 1986-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது பத்து வருஷம் கழித்து, 1996-இல். பிறகு 2001, 2006, 2011 என்று ஒழுங்காக ஓடியது. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர்கள் வந்தார்கள். சேலம், நாமக்கல் கிராமங்கள் மறுபடி வாக்களித்தது 2019 டிசம்பர் கடைசியில். மூன்று வருஷத்துக்கும் மேலான இடைவெளி. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள். இந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நடத்தியது ஐந்து வருஷம், அதிகாரிகள் நடத்தியது நான்கு வருஷம். இதை விதிவிலக்கு என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் நடைமுறையில் வட்டார வளர்ச்சி அலுவலர், நம் பேச்சில் பி.டி.ஓ. சேலத்தில் 20 ஒன்றியம், நாமக்கல்லில் 15. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து எழுநூறு சொச்சம் ஊராட்சிகள். ஆக ஒருவருக்குச் சராசரியாக இருபது ஊர். இருபது ஊரின் டேங்க் ஆபரேட்டர், தெருவிளக்கு, தூய்மைக் காவலர் சம்பளம், நூறுநாள் வேலைக் கணக்கு எல்லாம் ஒருவர் தலையில். அவரை நான் திட்டவில்லை. கதவே இல்லாத வீட்டுக்கு அவரைக் காவல் போட்டிருக்கிறார்கள்.

எழுதப்பட்ட அரசியலமைப்பே இல்லாத பிரிட்டனைவிட நமது நிலை உறுதியானது என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லித்தருகிறார்கள். கடந்த கால் நூற்றாண்டில் அவர்கள் செய்த மாற்றங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெருமை சற்று ஆட்டம் காண்கிறது.

அங்கே தோல்விகள் நிறைய. பரம்பரைப் பிரபுக்களை 1999-இல் மேலவையிலிருந்து வெளியேற்றினார்கள். தற்காலிகமாக 92 பேர் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். அந்தத் தற்காலிகம் கால் நூற்றாண்டைத் தாண்டியது. நாடாளுமன்றத்துக்கு நிலையான ஐந்தாண்டு என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். 2017-இலும் 2019-இலும் முன்கூட்டியே தேர்தல் வந்தது. 2022-இல் சட்டத்தையே தூக்கிப்போட்டார்கள். அதற்கு முன்பு, 1986-இல் லண்டன் பெருநகர மன்றத்தையே தாட்சர் ஒழித்துக்கட்டினார். எதிர்க்கட்சி கையில் இருந்தது, தொல்லை கொடுத்தது, அவ்வளவுதான். (அதே 1986-இல்தான் இங்கே எம்.ஜி.ஆர். சட்ட மேலவையை ஒழித்தார். அந்த வருஷத்துக்கு என்ன ராசியோ.) பதினான்கு வருஷம் லண்டனுக்கு நகரம் முழுமைக்குமான தேர்ந்தெடுத்த நிர்வாகம் இல்லை. 2000-இல் மேயர் பதவி உருவாகித் தேர்தல் நடந்தபோது ஜெயித்தவர் கென் லிவிங்ஸ்டன், ஒழிக்கப்பட்ட மன்றத்தின் கடைசித் தலைவர்!

ஆனால் 1997-இல் வாக்கெடுப்பு நடத்தி உருவாக்கிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 1999, 2003, 2007, 2011, 2016, 2021. கொரோனா காலத்தில்கூட நடந்தது. வேல்ஸில் 1997-இல் வெறும் 50.3 சதவீதம் பேர்தான் தங்களுக்கு ஒரு மன்றம் வேண்டும் என்றார்கள். 2011-இல் அதற்கு இன்னும் அதிகாரம் தரலாமா என்று கேட்டபோது 63.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இதை நான் வெற்றி என்பேன். ஒரு மன்றம் தேர்தல் தவறாமல் பன்னிரண்டு, பதினான்கு வருஷம் இருந்தால் மக்கள் அதைத் தங்களுடையது என்று நினைக்க ஆரம்பிக்கிறார்கள். எங்கள் அத்தைக்கு அந்த அவகாசம் கிடைக்கவே இல்லை. தீர்மானப் புத்தகத்தை முழுசாகப் படிக்கக் கற்றுக்கொள்ள அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. கற்று முடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிரிட்டனிலும் தனி அலுவலர்கள் இருந்தார்கள், வட அயர்லாந்தில். 2017 ஜனவரியில் அங்கே கூட்டணி ஆட்சி கவிழ்ந்து, மூன்று வருஷம் அமைச்சர்கள் இல்லாமல் துறைச் செயலர்களே நிர்வாகத்தை ஓட்டினார்கள். அப்போது ஒரு செயலர், பெல்ஃபாஸ்ட் அருகே ஒரு பழைய கல்குவாரியில் பெரிய குப்பை எரியுலைக்கு அனுமதி கொடுத்தார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 மே மாதம் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அமைச்சர் இல்லாத நிலையில் இவ்வளவு பெரிய முடிவை அதிகாரி எடுக்க முடியாது என்றது. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு லண்டன் நாடாளுமன்றம் தனியாக ஒரு சட்டம் போட்டு அதிகாரிகளுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது, விவாதம் தேவைப்பட்டது.

அதே 2018 ஜூனில் சேலத்தில் என்ன நடந்தது? சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டம். பூலாவரியிலும் குப்பனூரிலும் வருவாய்த் துறையினர் போலீஸ் பாதுகாப்போடு வந்து வயலில் அளவுக்கல் நட்டார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு பெண்கள் அழுததை டிவியில் பார்த்தோம். எதிர்த்தவர்கள் கைதானார்கள். அப்போது இந்த ஐந்து மாவட்டத்தில் ஒரு கிராமத்தில்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லை. நிலம் எடுக்க வந்ததும் அரசு. ஊர் சார்பில் பேச வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் அரசு நியமித்த அதிகாரி. அவர் அரசின் திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போடுவாரா?

ஊராட்சி மன்றம் இருந்திருந்தாலும் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் அது எதையும் தடுத்திருக்க முடியாது என்று சட்டம் படித்த நண்பர் சொல்வார். சரிதான். ஆனால் பேசியிருக்க முடியும். ஊர் முத்திரையோடு, தேதியோடு, எண்ணிட்ட தீர்மானமாகப் பேசியிருக்க முடியும். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022-இலிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுவதை நாடே பார்த்தது. மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமே போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சேலத்து விவசாயிகளுக்கு மிஞ்சியது நீதிமன்றம் மட்டும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடிக்காரர். சொந்த மாவட்டத்தில் ஓர் ஊராட்சித் தலைவர்கூட எதிரில் நின்று கேள்வி கேட்காத காலம் அவருக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

சேலத்துக்கு இது புதுச் சண்டையும் இல்லை. ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தது 1882 மே மாதம். அந்த வருஷமே சேலத்தில் கலவரம் நடந்தது. அதைத் தூண்டியதாக வக்கீல் சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷம் நாடுகடத்தல் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் சேலம் நகராட்சி உறுப்பினர். அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. மனிதர் விடவில்லை. இந்தியாவுக்கான அரசுச் செயலர்மீதே வழக்குப் போட்டார். 1884-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். விக்டோரியா ராணி காலத்தில், ஒரு நகராட்சி உறுப்பினரை இஷ்டத்துக்கு நீக்க முடியாது என்று சாம்ராஜ்யத்திடமே வாதாடி வென்ற ஊர் இது. இன்றைய 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தில் 205-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி மாவட்ட ஆட்சியர் ஒரு ஊராட்சித் தலைவருக்கு நோட்டீஸ் கொடுத்து, விசாரித்துப் பதவியிலிருந்து நீக்கலாம். ஆட்சியரை நீக்க ஊராட்சிக்கு ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பீர்கள். சட்டமன்ற உறுப்பினரைத் தலைமைச் செயலர் நோட்டீஸ் விட்டு நீக்கலாம் என்றால் சிரிப்பீர்களா?

1919 சீர்திருத்தத்தில் வந்த இரட்டை ஆட்சியை நாம் பாடப்புத்தகத்தில் கேலியோடு படித்தோம். பணமும் போலீஸும் ஒதுக்கப்பட்ட துறை, ஆளுநர் கையில். பள்ளிக்கூடம், சுகாதாரம், உள்ளாட்சி மாற்றப்பட்ட துறை, இந்திய அமைச்சர் கையில். எங்கள் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலத்து ஜமீன்தார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தது இந்த ஏற்பாட்டுக்குள்தான். பொறுப்பு இவர்களுக்கு, சாவி அவர்களுக்கு. இன்றைக்கு ஓர் ஊராட்சித் தலைவரிடம் போய் இதை விளக்கவே வேண்டியதில்லை. தெருவிளக்கும் சாக்கடையும் அவருடையவை. கோழிப்பண்ணை ஈத்தொல்லைக்கும் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீருக்கும் திட்டு வாங்குவதும் அவர்தான். ஆனால் ஆலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்.

இந்த இடத்தில் இளைய நண்பர்கள் அம்பேத்கரைக் கொண்டுவருவார்கள், கொண்டுவரத்தான் வேண்டும். கிராமம் என்பது சாதியின் கோட்டை, அதைக் குடியரசின் அலகாக்கக் கூடாது என்று 1948 நவம்பரில் அரசியலமைப்பு அவையில் அவர் காட்டமாகவே பேசினார். அதே மாதம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் ஊராட்சி என்ற சொல் 40-ஆவது பிரிவாக, வெறும் வழிகாட்டும் நெறியாக உள்ளே வந்தது. அம்பேத்கர் சொன்னது பொய் என்று கொங்கு வட்டாரத்தில் பிறந்த எவனும் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் முதலில் வரும் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் 73-ஆவது திருத்தம் அவருடைய அச்சத்துக்கும் சேர்த்தேதான் எழுதப்பட்டது. தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைப்படி இடங்கள், தலைவர் பதவியிலும் இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒன்று. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்குப் பாதி என்று ஆக்கியது. நல்ல காரியம், பாராட்டுகிறேன்.

அதிகாரமே இல்லாத வெற்றுப் பதவி என்றால் 1997-இல் மேலவளவில் முருகேசனை ஏன் வெட்டினார்கள்? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் பத்து வருஷம் ஏன் தேர்தலையே நடக்கவிடவில்லை? அந்த நாற்காலிக்கு என்ன மதிப்பு என்று ஆதிக்க சாதிக்குத் தெரிந்திருந்தது, கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. தனி அலுவலர் வந்ததும் ஊரில் சாதி போய்விடுவதில்லை. வழக்கமான பெரிய வீடுகள் வழக்கம்போல ஒன்றிய அலுவலகத்துக்குப் போய் வேலையை முடித்துக்கொள்கின்றன. போய்விடுவது, ஒதுக்கீட்டில் வந்த அந்தப் பெண் தலைவரும் தலித் உறுப்பினரும் மட்டும்.

இப்போது கோட்டைக்கு வருவோம். 1969-இல் ராஜமன்னார் குழு, 1971-இல் அதன் அறிக்கை, 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம். இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இப்படி ஒரு வரலாறு இல்லை, எனக்கு இதில் பெருமை உண்டு. 2025 ஏப்ரல் 15 அன்று மறுபடி, ஓய்வுபெற்ற நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைகளுக்காக உயர்நிலைக் குழு. ஒன்றிய அரசு ஆளுநரை வைத்து மாநிலத்தை நடத்தக் கூடாது என்பது நியாயமான வாதம். அந்த ஏப்ரலில் சேலம், நாமக்கல் கிராமங்களில் தனி அலுவலர் ஆட்சிக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. மார்ச் மாதம் நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை தமிழ்நாட்டுக்கு அநீதி என்று மற்ற மாநிலத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்துக் கூட்டம் போட்டார்கள். அதே சமயம் ஊராட்சித் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் எல்லை மாற்றம், வார்டு மறுவரையறை என்று பதில் வருகிறது. பதவிக்காலம் முடியும் தேதி ஐந்து வருஷம் முன்பே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை 2023-இல் தொடங்குவதற்கு எது தடையாக இருந்தது?

இதில் கட்சி வேறுபாடு கிடையாது. 2016 முதல் 2019 வரை தேர்தல் நடத்தாததற்காக அ.தி.மு.க. அரசைத் தி.மு.க. வறுத்தெடுத்தது. ஊர் ஊராகக் கிராம சபைக் கூட்டம் போட்டது. ஆட்சிக்கு வந்ததும் நவம்பர் 1-ஐ உள்ளாட்சி நாள் என்று அறிவித்து, கிராம சபையை வருஷத்துக்கு ஆறாக ஆக்கியது. இப்போது எதிர் வரிசையில் இருப்பவர்கள் தேர்தல் கேட்கிறார்கள். இடம் மாறினால் வசனம் மாறுகிறது, தனி அலுவலர் மட்டும் மாறுவதில்லை. தனக்கு மேலே இருப்பவரிடம் கேட்பதைத் தனக்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்காதது தமிழர்களின் தனிக் குணமும் இல்லை. லண்டனிடமிருந்து அதிகாரம் வாங்கிய ஸ்காட்லாந்து அரசுதான், எட்டு வட்டாரக் காவல் படைகளை 2013-இல் ஒன்றாக்கித் தன்கீழ் கொண்டுவந்தது. 2007-இலிருந்து பத்து வருஷம் உள்ளூர் மன்றங்களின் வரியை உயரவிடாமல் வைத்திருந்ததும் அதுதான். ஆனால் அங்கேயும் உள்ளூர் மன்றத் தேர்தலை யாரும் நிறுத்திவைக்கவில்லை.

நீதிமன்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டன் பிரதமர் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். செப்டம்பர் 24 அன்று பதினொரு நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். நான்கே வாரம். நம்மிடம் 2016-இல் தேர்தலை ரத்து செய்தபோது நீதிமன்றமே புதிய கெடுவும் கொடுத்தது. அந்தக் கெடுவைத் தாண்டி மூன்று வருஷம் ஓடியது. ஒன்றும் ஆகவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதால் ஒன்றிய நிதிக்குழு மானியம் நின்றுபோனது. அந்தத் தண்டனையும் ஊருக்குத்தான் விழுந்தது, தேர்தல் நடத்தாதவர்களுக்கு விழவில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. பதவிக்காலம் முடிந்து ஆறு மாதத்துக்குமேல் எந்தத் தனி அலுவலரும் நீடிக்கக் கூடாது என்று ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு வரி. அந்த ஆறு மாதத்திலும் புது ஒப்பந்தம், நிலம், கட்டட அனுமதி எதிலும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று இன்னொரு வரி. பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் சொன்னதற்கு அது கிட்டத்தட்ட சமம். மாநில சுயாட்சிக்காகப் பரிந்துரைகள் எழுதும் குழு, ஊராட்சிகளுக்காகவும் ஒரு அத்தியாயம் எழுதட்டும். டெல்லிக்குக் காட்டும் காகிதத்தை நாமக்கல்லுக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும்.

அன்று கிராம சபை முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அத்தை பேனாவை வாங்கி, பழக்கத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'வார்டு உறுப்பினர்' என்று எழுத ஆரம்பித்து, 'வா' என்ற எழுத்தோடு நிறுத்தினார். அதை அடித்துவிட்டுப் பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார். மோட்டார் செப்டம்பர் கடைசியில் சரியானது.